அயலகப் பணியாளர் வலையமைப்பும் புத்தாக்கமும்

அயலகப் பணியாளர் வலையமைப்பு என்பது, தம் நாட்டை விட்டு வேறொரு நாட்டில் பணிபுரிவோர் தமக்குள்ளும், பணியிடத்தின் உள்ளூர்ப் பணியாளர்களுடனும், தாம் விட்டுவந்த அலுவலகத்தினருடனும் கொண்டுள்ள தொடர்புகளின் தொகுதி ஆகும். பன்னாட்டு நிறுவனங்களில் புதிய பொருட்களும் செய்முறைகளும் உருவாவதில் இத்தொடர்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது மேலாண்மையியல், பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகளின் ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது.

அயலகப் பணியாளர்களை மிகுதியாக அனுப்பினால் மட்டும் புத்தாக்கம் பெருகிவிடுவதில்லை. அவர்களது தொடர்புகள் உள்ளூர்ப் பொறியாளர்களையும் உள்ளடக்கி விரிகின்றனவா, அல்லது தமக்குள்ளேயே சுருங்கிவிடுகின்றனவா என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் தானுந்துத் தொழில் இதற்குப் பல எடுத்துக்காட்டுகளைத் தருகிறது.

சொற்பொருளும் வகைகளும்

நிறுவனங்களின் அன்றாடப் பேச்சில் 'எக்ஸ்பாட்' என்று குறிப்பிடப்படுவோரே இக்கட்டுரையில் அயலகப் பணியாளர் எனப்படுகின்றனர். இவர்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அனுப்பப்பட்டோர்: தலைமையகத்தால் குறிப்பிட்ட காலத்துக்குக் கிளை நிறுவனத்துக்கு அனுப்பப்படுபவர்கள். பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை தங்குவர்.

அழைக்கப்பட்டோர்: கிளை நிறுவனத்திலிருந்து தலைமையகத்துக்குப் பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கப்படுபவர்கள்.

தாமாகச் சென்றோர்: நிறுவனம் அனுப்பாமல், தாமே வேலை தேடி வேறு நாட்டில் குடியேறியவர்கள். அமெரிக்காவில் பணிபுரியும் இந்தியப் பொறியாளர்களில் பெரும்பாலோர் இவ்வகையினர்.

திரும்பியோர்: வெளிநாட்டில் பணிபுரிந்துவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பியவர்கள்.

வேலை ஒப்பந்தம், ஊதியம், விசா ஆகியவற்றில் இவ்வகையினர் வேறுபட்டாலும், இரண்டு இடங்களின் நடைமுறைகளையும் மனிதர்களையும் அறிந்தவர்கள் என்ற தன்மை நால்வகையினருக்கும் பொதுவானது. புத்தாக்கத்தைப் பொறுத்தவரை இத்தன்மையே முதன்மையானது.

கருத்தியல் பின்னணி

ஒரு தொழில்நுட்பத்தை வரைபடம், கையேடு, மென்பொருள் ஆகியவற்றின் வழியாக ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எளிதில் அனுப்பலாம். ஆனால் அந்த வரைபடத்தில் எந்த அளவை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, முன்பு எந்த முயற்சி ஏன் தோற்றது என்பன பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அவை அனுபவமுள்ளவர்களின் கையிலும் கண்ணிலும் இருப்பவை. அங்கேரியில் பிறந்த பிரித்தானிய அறிஞர் மைக்கேல் பொலானி இதனை, சொல்லில் அடங்காத அறிவு என்ற பொருளில் விளக்கினார். இவ்வகை அறிவு மனிதர் இடம்பெயரும்போதும் அருகிருந்து பணிபுரியும்போதுமே பெரிதும் பரவுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், நெருங்கிய நண்பர்களை விட ஓரளவே அறிமுகமானவர்கள் வழியாகவே புதிய செய்திகள் மிகுதியாக வந்து சேர்கின்றன என வாதிட்டார். நெருங்கிய நண்பர்கள் அனைவரும் ஒரே வட்டத்தில் இருப்பதால் ஒருவர் அறிந்ததையே மற்றவரும் அறிந்திருப்பர் என்பது அவரது விளக்கம். ரொனால்டு பர்ட் 1992-இல் வெளியிட்ட நூலில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு குழுக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் பாலமாக நிற்பவர் பெறும் பயன்களை ஆராய்ந்தார். அயலகப் பணியாளர் இயல்பாகவே அத்தகைய இடத்தில் நிற்பவர் ஆவார்.

பன்னாட்டு நிறுவனங்களைக் குறித்து ஆண்டர்ஸ் எட்ஸ்ட்ரோம், ஜே கால்பிரெய்த் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை ஆய்வுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மேலாளர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு அவர்கள் மூன்று காரணங்களைக் கூறினர்: உள்ளூரில் தகுதியானவர் இல்லாத பதவியை நிரப்புதல், மேலாளரின் திறனை வளர்த்தல், நிறுவனத்தை ஒருங்கிணைத்தல். மூன்றாவது நோக்கத்தில் இடமாற்றங்களால் பல நாட்டு அலுவலகங்களுக்கிடையே தனிப்பட்ட அறிமுகங்கள் பெருகி, அவை எழுத்து வழியான கட்டளைகளுக்கு மாற்றாகச் செயல்படுகின்றன.

வரலாறு

இந்தியாவின் தொடக்ககாலப் பெருந்தொழில்கள் பலவற்றில் அயல்நாட்டுப் பொறியாளர்கள் பணியாற்றினர். 1907-இல் நிறுவப்பட்ட டாட்டா இரும்பு எஃகு நிறுவனம், தனது ஜாம்ஷெட்பூர் ஆலையை அமைக்கவும் நடத்தவும் அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர்களை அமர்த்தியது. அவர்களது ஊதியம் இந்தியப் பணியாளர்களின் ஊதியத்தைவிட மிக அதிகமாக இருந்தது. 1921-இல் தொடங்கப்பட்ட ஜாம்ஷெட்பூர் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் வாயிலாக இந்தியர்கள் பயிற்சி பெற்றுப் படிப்படியாக அவர்களது இடங்களை ஏற்றனர்.

தமிழ்நாட்டில், சென்னை பெரம்பூரில் 1955-இல் திறக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் அமைந்தது. ஷ்லீரன் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட பயணிகள் பெட்டிகள் அங்கு 2018 வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டன. அதே தொழிற்சாலையின் பொறியாளர்கள் 2018-இல் 'டிரெயின் 18' என்ற தொடர்வண்டியை வடிவமைத்தனர். அது வந்தே பாரத் என்ற பெயரில் 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. ஒரு வடிவமைப்பைக் கற்றுக்கொள்வதற்கும் அதனை விட்டு மேலே செல்வதற்கும் இடையிலான காலம் எவ்வளவு நீளக்கூடும் என்பதை இத்தொழிற்சாலையின் வரலாறு காட்டுகிறது.

நிறுவனத்துக்கு வெளியே ஏற்படும் தொடர்புகளும் புத்தாக்கத்துக்கு வழிவகுக்கலாம். போலந்தைச் சேர்ந்த மின்பொறியாளர் மோரிஸ் பிரிட்மேன் 1930களில் மைசூர் அரசின் மின்கருவித் தொழிற்சாலையில் பணியாற்றுவதற்காகப் பெங்களூர் வந்தார். அவர் திருவண்ணாமலையில் உள்ள ரமணாசிரமத்துக்குப் பலமுறை சென்று வந்தவர்.  பின்னர் பிரிட்மேன் காந்தியின் வட்டத்தில் இணைந்து, கை இராட்டையை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டார். தொழிற்சாலையில் பணிபுரிய வந்த பொறியாளரின் திறமை இராட்டைக்குப் பயன்பட்டதற்கு, பணியிடத்துக்கு வெளியே அவர் கொண்டிருந்த தொடர்புகளே காரணமாயின.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள்

1990களில் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின், சென்னையைச் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் ஆகிய இடங்களில் பன்னாட்டுத் தானுந்து நிறுவனங்கள் ஆலைகளை அமைத்தன. இவற்றுடன் கொரிய, ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பியப் பணியாளர்களும் அவர்களது குடும்பத்தினரும் சென்னைக்கு வந்தனர்.

ரெனால்ட் க்விட்

அயலகப் பணியாளர் வலையமைப்பு உள்ளூர்ப் பொறியாளர்களுடன் இணைந்து ஒரு புதிய பொருளை உருவாக்கியதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, சென்னையில் உருவாக்கப்பட்ட ரெனால்ட் க்விட் என்ற சிறு கார் ஆகும்.

பிரான்ஸ் நாட்டின் ரெனால்ட் நிறுவனமும் ஜப்பானின் நிசான் நிறுவனமும் கூட்டாக ஒரகடத்தில் அமைத்த ஆலை 2010-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இக்கூட்டணியின் பொறியியல் மையம் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திரா உலக நகரில் இயங்கியது. இந்தியாவில் மாருதி ஆல்ட்டோவுடன் விலையில் போட்டியிடக்கூடிய கார் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு, 2010களின் தொடக்கத்தில் ஜெரார் டெடூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 2004-இல் ருமேனியாவில் வெளியான டாசியா லோகன் முதலான குறைந்த விலைக் கார்களின் திட்டத்தை முன்பு வழிநடத்தியவர். பாரிசில் இருந்தபடி திட்டத்தை நடத்தாமல் அவர் சென்னையில் தங்கினார். உடன் வந்த அயலகப் பொறியாளர் குழு சிறியது. வடிவமைப்புப் பணியின் பெரும்பகுதியை இந்தியப் பொறியாளர்கள் மேற்கொண்டனர்.

பழைய கார் ஒன்றின் பாகங்களைக் குறைத்து மலிவாக்கும் வழக்கமான முறை இங்கு பின்பற்றப்படவில்லை. அடிச்சட்டம், 799 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று உருளை எஞ்சின், பல்சக்கரப் பெட்டி ஆகியன புதிதாக வடிவமைக்கப்பட்டன. சக்கரங்கள் நான்குக்குப் பதிலாக மூன்று மரைகளால் பொருத்தப்பட்டன. முன்கண்ணாடிக்கு ஒரே துடைப்பான் வைக்கப்பட்டது. அதே வேளையில், வாங்குவோர் விரும்பும் எண்ணிம வேகமானி, 180 மி.மீ. தரை இடைவெளி, உயர்வகைகளில் தொடுதிரை ஆகியன சேர்க்கப்பட்டன. காரின் எடை சுமார் 660 கிலோகிராம் ஆகும். 2015 செப்டம்பரில் 2.57 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் அது விற்பனைக்கு வந்தது.

கிறிஸ்தோப் மிட்லர், பெர்னார் ஜூலியன், யானிக் லங் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் இத்திட்டத்தை ஆராய்ந்து 2017-இல் நூலாக வெளியிட்டனர். லோகன் திட்டத்தில் பெற்ற அனுபவம் மனிதர்கள் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்ததற்கு இத்திட்டம் நல்ல சான்றாகும். தலைமையகத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த ஒருவருக்கு அங்குள்ள விதிகளில் எவற்றை விலக்கலாம், அதற்கு யாரிடம் பேச வேண்டும் என்பது தெரிந்திருக்கும். உள்ளூர்ப் பொறியாளர்களுக்கும் உதிரிபாகம் வழங்குவோருக்கும், எப்பாகத்தை இந்தியாவில் என்ன விலைக்குச் செய்ய இயலும் என்பது தெரிந்திருக்கும். இவ்விரு அறிவும் ஒரே மேசையில் சந்திக்கும்போது தலைமையகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் குறைகிறது.

சென்னையில் உருவான வடிவமைப்பு பின்னர் பிற நாடுகளுக்கும் சென்றது. 2016-இல் இதே அடிச்சட்டத்தில் டட்சன் ரெடி-கோ வெளியானது. 2017 முதல் பிரேசிலில் க்விட் தயாரிக்கப்பட்டது. 2019-இல் சீனாவில் இதன் மின்கார் வடிவம் வெளியாயிற்று. அவ்வடிவத்தின் வழிவந்த டாசியா ஸ்பிரிங் 2021 முதல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. இவ்வாறு வளரும் நாட்டுக்கென உருவான பொருள் வளர்ந்த நாட்டுச் சந்தைக்குச் செல்வதை எதிர்த்திசைப் புத்தாக்கம் என்பர். இச்சொல்லை ஜெஃப்ரி இம்மெல்ட், விஜய் கோவிந்தராஜன், கிறிஸ் டிரிம்பிள் ஆகியோர் 2009-இல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது.

இத்திட்டம் கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளானது. 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், க்விட் பயணிகள் பாதுகாப்பில் சுழிய நட்சத்திரம் பெற்றது. மேம்படுத்தப்பட்ட வகை அதே ஆண்டில் ஒரு நட்சத்திரம் பெற்றது. பிரேசிலில் விற்கப்பட்ட க்விட் வலுவூட்டப்பட்டு, நான்கு காற்றுப்பைகளுடன் வெளிவந்தது. இந்தியாவில் புதிய கார் வகைகளுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில்தான். விலை இலக்கை ஒட்டி இறுக்கமாகப் பணிபுரியும் ஒரு வலையமைப்பு, சட்டம் கேட்காத ஒன்றைத் தானே கேட்டுக்கொள்ளுமா என்ற வினாவை இது எழுப்பியது.

டெடூர்பே 2019-இல் காலமானார். ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த 51 விழுக்காட்டுப் பங்கை ரெனால்ட் 2025-இல் வாங்கியது.

ஹூண்டாய்

தென்கொரியாவின் ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் 1996-இல் தனது இந்தியக் கிளையை நிறுவி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்தது. முதல் காரான சான்ட்ரோ 1998-இல் வெளியானது. ஆலையுடன் கொரிய மேலாளர்களும் பொறியாளர்களும் வந்ததோடு, ஹூண்டாய்க்கு உதிரிபாகம் வழங்கும் கொரிய நிறுவனங்களும் சென்னையைச் சுற்றித் தொழிற்கூடங்களை அமைத்தன.

இவ்வாறு வழங்குநர்களையும் உடன் அழைத்து வருவதால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. கொரியாவில் ஏற்கனவே ஒன்றாகப் பணிபுரிந்தவர்கள் இங்கும் இணைந்து பணிபுரிவதால் ஆலை விரைவில் உற்பத்தியைத் தொடங்க முடிகிறது. ஆனால் முக்கிய உரையாடல்கள் தாய்மொழியிலேயே நடந்து முடிந்துவிடுமாயின், உள்ளூர்ப் பணியாளர் அவற்றின் முடிவை மட்டும் அறிவர், காரணத்தை அறியார். காலப்போக்கில் இந்தியக் கிளையின் பங்கு விரிவடைந்தது. 2007-இல் வெளியான ஐ10 கார் முதலில் இந்தியாவில் அறிமுகப்படுத்தப்பட்டு, சென்னையிலிருந்து பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டது.

ஜப்பானில் பயிற்சி பெற்றோர் சங்கம்

அயலகப் பணியாளர்கள் நாடு திரும்பிய பின்னரும் வலையமைப்பு நீடிக்க முடியும் என்பதற்குச் சென்னையில் இயங்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் எடுத்துக்காட்டாகும். 'தோசோகாய்' என்ற ஜப்பானியச் சொல் முன்னாள் மாணவர் சங்கத்தைக் குறிக்கும். 1959-இல் ஜப்பானில் நிறுவப்பட்ட ஏஓடிஎஸ் அமைப்பு, வளரும் நாடுகளின் பொறியாளர்களையும் மேலாளர்களையும் அழைத்துப் பயிற்சி அளித்தது. அவ்வாறு பயிற்சி பெற்றுத் திரும்பியோர் அமைத்த இச்சங்கம், ஜப்பானிய மொழி வகுப்புகளையும் தொழிற்சாலை மேலாண்மைப் பயிற்சிகளையும் நடத்துகிறது. இங்கு பயிற்சி பெற்றவர் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் சங்கத்துடன் அவரது தொடர்பு நீடிக்க வாய்ப்புண்டு. எனவே அறிவு ஒரு நிறுவனத்துக்குள் அடங்கிவிடுவதில்லை.

ஜப்பானிய வல்லுநர்களுடன் ஏற்பட்ட இத்தகைய நீண்டகாலத் தொடர்புகளின் விளைவு தமிழ்நாட்டு உதிரிபாகத் தொழிலில் காணப்படுகிறது. தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998-இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. இப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும், அதன் பின் ரானே குழும நிறுவனங்கள் சிலவும் இப்பரிசைப் பெற்றன. அம்பத்தூர், ஓசூர்ப் பகுதிகளின் பட்டறைகளில் 'கைசன்', 'ஃபைவ் எஸ்', 'போக்கா யோக்கே' ஆகிய சொற்கள் தமிழ்ச் சொற்களைப் போலவே புழங்குகின்றன.

எதிர்த்திசையில்: இந்தியாவிலிருந்து சென்றோர்

மேற்கூறிய எடுத்துக்காட்டுகளில் அயல்நாட்டினர் தமிழ்நாட்டுக்கு வந்தனர். இந்தியப் பொறியாளர்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றதும் அதே அளவு விளைவுகளை ஏற்படுத்தியது.

அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1985-இல் பெங்களூரில் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இத்தகைய மையத்தை அமைத்த முதல் பன்னாட்டு நிறுவனங்களுள் இது முன்னோடியாகும். செயற்கைக்கோள் இணைப்பு வழியாகப் பெங்களூர்ப் பொறியாளர்களின் பணி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அந்நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்த இந்திய வம்சாவளிப் பொறியாளர்களின் ஆதரவும் இம்முடிவுக்குத் துணை செய்தது. இந்தியாவில் தகுதியான பொறியாளர் கிடைப்பர் என்பதைத் தலைமையகத்துக்கு அறிக்கைகளை விட, உடன் பணிபுரிந்தோரின் அனுபவமே நம்பும்படி செய்தது எனலாம்.

கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கை ஆராய்ந்த அன்னாலீ சாக்சினியன், 1980க்குப் பின் அங்கு தொடங்கப்பட்ட தொழில்நுட்ப நிறுவனங்களில் 24 விழுக்காட்டைச் சீன அல்லது இந்திய வம்சாவளியினர் 1998-இல் தலைமையேற்று நடத்தினர் என 1999-இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டார். இந்தியத் தொழில்முனைவோர் 1992-இல் அங்கு நிறுவிய டை அமைப்பு, மூத்தோர் இளையோருக்கு வழிகாட்டும் வலையமைப்பாக வளர்ந்து, சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகளைக் கொண்டுள்ளது. படித்தோர் வெளியேறுவதை 'மூளை வடிகால்' என்று மட்டும் கருதிவந்த நிலையை மாற்றி, அறிவு இரு நாடுகளுக்கிடையே சுழல்கிறது என்ற கருத்தைச் சாக்சினியன் முன்வைத்தார்.

பிற்கால ஆய்வுகளில் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

பிரிட்ஸ் ஃபோலி, வில்லியம் கெர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு: அமெரிக்க நிறுவனம் ஒன்றின் காப்புரிமைகளில் ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர்களின் பங்கு உயரும்போது, அவ்வினத்தின் தாய்நாட்டில் அந்நிறுவனத்தின் செயற்பாடுகளும் பெருகுகின்றன. உள்ளூர்க் கூட்டாளி இல்லாமலேயே அங்கு கிளை தொடங்கவும் அவர்கள் துணை நிற்கின்றனர்.

பிரித்விராஜ் சவுத்ரி 2016-இல் வெளியிட்ட ஆய்வு: பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் இந்திய ஆய்வு மையத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய மேலாளரின் கீழ் பணிபுரிந்த உள்ளூர்ப் பணியாளர்கள் மற்றவர்களைவிட அதிகக் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்தனர்.

பிரிட்டா கிளென்னன் மேற்கொண்ட ஆய்வு: அமெரிக்காவின் எச்-1பி விசா எண்ணிக்கை 2004-இல் 1,95,000-இலிருந்து 65,000 ஆகக் குறைக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் இந்தியா, சீனா, கனடா ஆகிய நாடுகளில் உள்ள தம் கிளைகளில் வேலைவாய்ப்பைப் பெருக்கின.

இவற்றுள் சவுத்ரியின் ஆய்வு தனிக்கவனத்துக்குரியது. திரும்பி வந்தவரின் சொந்தக் கண்டுபிடிப்புகளைவிட, அவரது மேலாண்மையின் கீழ் உள்ள உள்ளூர்ப் பணியாளரின் கண்டுபிடிப்புகளை அது அளந்தது. தலைமையகத்தில் யாரை அணுகுவது, காப்புரிமை விண்ணப்பத்தை எவ்வாறு முன்வைப்பது ஆகியவற்றை அறிந்தவர் அருகில் இருப்பதன் மதிப்பு இதனால் விளங்கும்.

நிறுவனம் சாரா வலையமைப்பு: தமிழ்க் கணிமை

வெளிநாடுகளில் வாழும் வல்லுநர்கள் நிறுவனங்களின் கட்டமைப்புக்கு வெளியே இணைந்து, நிறுவனங்கள் பின்னர் ஏற்றுக்கொண்ட புத்தாக்கங்களை உருவாக்கியதும் உண்டு. தமிழ்க் கணிமை அவ்வாறு வளர்ந்த துறையாகும். சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராகப் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி முதலியோர் தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருட்களையும் உருவாக்கினர். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த மாநாடுகள் இவர்களையும் தமிழ்நாட்டு வல்லுநர்களையும் ஒன்றுசேர்த்தன. சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2000-இல் உத்தமம் அமைப்பு உருவானது. பல நாடுகளில் சிதறியிருந்தோர் பொதுத் தரத்துக்கு உடன்பட்டதால், கணினி நிறுவனங்கள் தமிழைத் தம் பொருட்களில் சேர்ப்பது எளிதாயிற்று.

தடைகளும் விமர்சனங்களும்

மூடிய வட்டம்: அயல்நாட்டில் குடியேறுவோருக்கு வீடு, பள்ளி, மருத்துவம், உணவு ஆகியவற்றில் தம் நாட்டவரின் உதவி இன்றியமையாதது. ஆனால் அலுவல் தொடர்பான பேச்சும் அதே வட்டத்திலேயே நடக்குமாயின், முடிவுகள் மாலை விருந்திலோ கோல்ஃப் திடலிலோ எடுக்கப்பட்டு, மறுநாள் கூட்டத்தில் அறிவிக்கப்படும் நிலை ஏற்படும். உள்ளூர்ப் பொறியாளரின் கருத்து அங்கு இடம்பெறாது.

ஊதிய வேறுபாடு: வீட்டு வாடகை, பிள்ளைகளின் கல்வி, விமானப் பயணம் ஆகியவற்றையும் கணக்கிட்டால், அயலகப் பணியாளர் ஒருவருக்கான செலவு அதே பணியைச் செய்யும் உள்ளூர்ப் பணியாளருக்கானதைவிடப் பன்மடங்காகும். அதே வேலையை அருகிலிருந்து செய்பவர் இதனை அறிவார். இதனால் விளையும் மனக்கசப்பு, அறிந்ததைப் பகிரும் விருப்பத்தைக் குறைக்கும்.

உரிமையும் புகழும்: கிளையில் உருவான கருத்து தலைமையகத்தை அடையும்போது, அதனை எடுத்துச் சென்றவரின் பெயரே நினைவில் நிற்பதுண்டு. காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் பெயர்கள் இடம்பெறுவதால் அங்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆலைத்தளத்தில் தோன்றும் சிறு மேம்பாடுகளுக்கு அத்தகைய பதிவு பெரும்பாலும் இல்லை.

பணிக்காலம் முடிதல்: உள்ளூர் நடைமுறைகளை ஒருவர் புரிந்துகொள்ளும் வேளையில் அவரது பணிக்காலம் முடிந்துவிடுவது பொதுவான சிக்கலாகும். புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். திரும்பிச் சென்றவரின் அனுபவத்தைத் தலைமையகமும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை.

நாட்டுக் கொள்கைகள்: வலையமைப்பின் விரிவை விசா விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு, அந்நாட்டுக்கு வெளியே உள்ளோருக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கும் ஆணையை வெளியிட்டது.

தொலைவிலிருந்து பணிபுரிதல்: 2020-இல் கோவிட் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் இருந்த அயலகப் பணியாளர்கள் தாய்நாடு திரும்பினர். பணி காணொளி வழியாகத் தொடர்ந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்கப் பணியாளர்களின் தொடர்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, தொலைப்பணியின்போது பணியாளர் வலையமைப்புகள் குழுக்களுக்குள் சுருங்கின என்றும், குழுக்களுக்கிடையே பாலமாகும் தொடர்புகள் குறைந்தன என்றும் கண்டறிந்தது. ஏற்கனவே அறிமுகமானவர்கள் தொலைவிலிருந்தும் இணைந்து பணிபுரிய இயலும். புதிய அறிமுகங்கள் உருவாவதே கடினமாகிறது.

பயன் தரும் நடைமுறைகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து, அயலகப் பணியாளர் வலையமைப்பு புத்தாக்கத்துக்கு உதவும் சூழல்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முடிவெடுக்கும் உரிமை பணியிடத்திலேயே இருத்தல். க்விட் திட்டத்தின் தலைவர் சென்னையில் தங்கியது இதற்குச் சான்று.

இடமாற்றம் இருவழியாக இருத்தல். கிளையின் பொறியாளர்கள் தலைமையகத்தில் பணிபுரிந்து திரும்பும்போது, தொடர்பின் மறுமுனை உள்ளூரில் நிலைபெறுகிறது.

பொதுமொழி ஒன்றில் கூட்டங்களும் குறிப்புகளும் அமைதல். அயலகப் பணியாளர் தமிழைச் சிறிதளவேனும் கற்பது ஆலைத்தளத்தில் பயன் தரும். உள்ளூர்ப் பணியாளர் ஜப்பானிய, கொரிய மொழிகளைக் கற்பதும் அவ்வாறே.

அயலகப் பணியாளர் சென்ற பின்னரும் நீடிக்கும் சங்கம் அல்லது அமைப்பு இருத்தல்.

வலையமைப்பின் இலக்கை வெளியிலிருந்து சோதிக்கும் ஏற்பாடு இருத்தல். பாதுகாப்புத் தரம், சுற்றுச்சூழல் விதி ஆகியவற்றை வலையமைப்புக்குள் உள்ளோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிட இயலாது.

அயலகப் பணியாளர் வலையமைப்பின் வெற்றியை, அவர்கள் தங்கியிருந்த காலத்தில் வெளிவந்த பொருட்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. அவர்கள் சென்ற பின் உள்ளூர்ப் பொறியாளர்கள் தாமே எதை வடிவமைக்கின்றனர் என்பது மேலும் நம்பத்தக்க அளவுகோலாகும்.

இவற்றையும் பார்க்க

பன்னாட்டு நிறுவனம்
புத்தாக்கம்
மூளை வடிகால்
தொழில்நுட்ப மாற்றம்
சமூக வலையமைப்பு
இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை
உத்தமம்